அது ஓடுகிறதா, உருளுகிறதா, சும்மா நடுங்குகிறதா? நுண்ணோக்கிக்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலை பசியாறி முடித்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிடுவார்கள். கையில் ஆளுக்கொரு போத்தல் இருக்கும். ஒருத்தியின் போத்தலில் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்ப் பாசி, இன்னொருவனுடையதில் வெட்டாமல் விட்ட கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வடியக் கட்டிய மங்கில் தேங்கிய மழைத் தண்ணீர். கோயில் பூச்சாடியில் நாறிப்போன தண்ணீரும் ஒருமுறை வந்தது. இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருப்பது ஒரே நுண்ணோக்கி, அதுவும் வேறொருவர் பயன்படுத்தி விற்றது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “ஐயா, இது என்ன?” கூடவே பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களும் தாத்தாக்களும் கேட்டவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து சில இங்கே.

கண்ணை வைத்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

அளவை. பெயரும் நிறமும் பிறகு வரட்டும்.

நுண்ணோக்கிக்குள் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் தெரிவதால் எது பெரியது, எது சிறியது என்பது மறந்துபோகும். அந்த வட்டத்தின் குறுக்களவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கண் வைக்கும் லென்ஸின் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும், என்னுடையதில் 18. அதைக் கீழே உள்ள லென்ஸின் மடங்கால் வகுத்தால் வட்டத்தின் குறுக்களவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 4 மடங்கு லென்ஸில் 4.5 மில்லிமீட்டர், 10 மடங்கில் 1.8, 40 மடங்கில் 0.45. நம்பாதவர்கள் ஒளி ஊடுருவும் அடிக்கோலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வைத்து கோடுகளை எண்ணிக்கொள்ளலாம். என்னிடம் வரும் பிள்ளைகள் அனைவரும் முதல் நாளில் செய்வது இதைத்தான். யாருக்கும் பிடிப்பதில்லை.

0.45 மில்லிமீட்டர் என்பது 450 மைக்ரோமீட்டர். அந்த வட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒன்று நீந்தினால் அதன் நீளம் 200 மைக்ரோமீட்டருக்கு மேல். அது பாராமீசியம் என்ற பெரிய ஒற்றைச் செல் உயிராக இருக்கலாம், பாக்டீரியாவாக இருக்க வழியில்லை. சாதாரணக் கோல் பாக்டீரியா 2 மைக்ரோமீட்டர் நீளம். வட்டத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அடுக்க இருநூறுக்கு மேல் வேண்டும். தலைமுடி ஒன்றின் தடிமனே 50 முதல் 100 மைக்ரோமீட்டர் இருக்கும்.

பாக்டீரியாவும் புரொட்டிஸ்டும் இரண்டும் ஒற்றைச் செல்தானே? பிறகு என்ன வேறுபாடு?

பாக்டீரியாவின் செல்லுக்குள் உட்கரு என்று தனியறை கிடையாது. மரபுப்பொருள் உள்ளேயே சுருண்டு கிடக்கும். புரொட்டிஸ்டுக்கு உறை போட்ட உட்கரு உண்டு. அதோடு உணவுக் குமிழ், நீரை வெளியேற்றும் சுருங்கு குமிழ், சிலவற்றில் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகம் என்று வீடு நிறையச் சாமான். ஆகவே நுண்ணோக்கியில் உள்ளே ஏதாவது பாகம் தெரிந்தாலே புரொட்டிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடலாம். வெறும் புள்ளியாக, கோடாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாக்டீரியா.

அளவு மட்டுமே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். கரீபியக் கடலின் குவாதலூப் தீவுச் சதுப்புக் காட்டில் கிடைத்த தியோமார்கரிட்டா மாக்னிஃபிகா என்ற பாக்டீரியா சராசரியாக ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் வளரும். 2022இல் அதை விவரித்து எழுதினார்கள். வெறும் கண்ணுக்கே தெரியும் பாக்டீரியா! மறுபுறம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான புரொட்டிஸ்ட் பாசி கடலில் இருக்கிறது. இரண்டையும் நம் கால்வாயில் தேட வேண்டாம்.

இன்னொன்று. புரொட்டிஸ்ட் என்பது ஒரே குடும்பத்தின் பெயர் அல்ல. விலங்கு, தாவரம், பூஞ்சை என்று எதிலும் சேராத உட்கருச் செல்களை எல்லாம் போட்டு வைத்த கூடை அது. ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் அந்தப் பெயரைக் கொடுத்தார். கூடைக்குள் இருப்பவை பல ஒன்றுக்கொன்று மிகமிகத் தூரத்து உறவுதான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

தண்ணீரை எங்கே எடுப்பது?

தெளிந்த ஓடும் தண்ணீரில் ஒன்றும் கிடைக்காது. தேங்கியிருக்க வேண்டும், அடியில் இலை மக்கியிருக்க வேண்டும், பாசி வழுக்க வேண்டும். என் அனுபவத்தில் கித்தா மர மங்குத் தண்ணீர் மிக நல்லது. இலையும் பூச்சியும் விழுந்து ஊறிய அந்த ஒரு மங்கு ஒரு தனி ஊர்.

வீட்டிலேயே வளர்க்க, காய்ந்த லாலான் புல்லை நறுக்கி மழைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் நிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் அது வேண்டாம். மூன்றாம் நாள் மேலே பால் ஆடைபோல் ஒரு படலம் வரும். அது முழுக்க பாக்டீரியா. அதைத் தின்னக் கசையிழை என்னும் சாட்டைபோன்ற வால் கொண்ட சிறு உயிர்கள் வரும், பிறகு அவற்றைவிடப் பெரியவை. ஒரு வாரம் கழித்து அதே போத்தலில் முதல் நாள் ஆட்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று. தோட்டத்துக் கால்வாய்களில் எலி மூத்திரம் கலந்திருக்கும். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள் என்றால் எலிக்கூட்டம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா, காயம்பட்ட தோல் வழியாக உடம்பில் ஏறும். மலேசியாவில் 2010 முதல் அது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். காலில் பூட்ஸ், கையில் உறை, காயத்தில் ஒட்டு. நீரை நேரே கையால் அள்ளக்கூடாது. நீர் எடுத்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கால்வாயில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கிருமி நம் நுண்ணோக்கியில் தெரியுமா என்று உடனே கேட்பார்கள். தெரியாது. அதன் தடிமன் 0.1 மைக்ரோமீட்டர்; சாதாரண ஒளி நுண்ணோக்கி 0.2க்குக் கீழே பிரித்துக் காட்டாது. பின்னணியை இருட்டாக்கிப் பார்க்கும் தனி ஏற்பாடு வேண்டும். அப்படிப் பார்த்தால், முனை கொக்கிபோல் வளைந்து, கேள்விக்குறி மாதிரி தெரியும். 1907இல் அதற்கு இட்ட பெயர் “இன்ட்டரோகன்ஸ்”, கேட்கிறது என்று பொருள்.

பாக்டீரியாவுக்கு எத்தனை வடிவம்?

பார்ப்பதற்கு வசதியான இடம் சொல்கிறேன்: உங்கள் பல் இடுக்கு. சுத்தமான பல்குச்சியால் கொஞ்சம் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் காயவிட்டு, தீயின் மேல் இரண்டு முறை காட்டி, மெத்திலீன் நீலச் சாயத்தில் ஒரு நிமிடம் வைத்துக் கழுவிப் பாருங்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹுக் 1683இல் எழுதிய கடிதத்தில் சொன்னதும் பல் அழுக்கைத்தான். அவரிடம் இருந்தது தானே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸ், சாயமும் கிடையாது.

100 மடங்கு லென்ஸில் எண்ணெய் விட்டுப் பார்த்தால் தெரிவது இது. கடுகுபோல் உருண்டைகள், இவை கோக்கஸ். அரிசிபோல் கோல்கள், இவை பேசில்லஸ். நூல்போல் நீண்டவை. அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்பிரிங்போல் சுருண்டவை. காற்புள்ளிபோல் வளைந்தவற்றை விப்ரியோ என்பார்கள். காலராக் கிருமி அந்த வகை.

உருண்டை என்று எழுதிவிட்டு நோட்டை மூடாதீர்கள். அவை எப்படிக் கூடி நிற்கின்றன என்று பாருங்கள். செல் எந்தத் திசையில் பிளக்கிறது என்பதை அது காட்டும். ஒரே திசையில் பிளந்து ஒட்டிக்கொண்டே போனால் மணிமாலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இப்படி. இரண்டு திசையில் பிளந்தால் நான்கு நான்காக நிற்கும், நான்கு புள்ளி வைத்த கோலம்போல. மூன்று திசையில் பிளந்தால் எட்டு எட்டாக அடுக்கிய பெட்டி, சார்சினா. திசை ஒழுங்கில்லாமல் பிளந்தால் திராட்சைக் கொத்து. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற பெயரிலேயே கிரேக்கத் திராட்சை இருக்கிறது.

ஓர் அம்மா தோசை மாவைக் கொண்டுவந்தார். அதில் புளிப்பேற்றும் லியூகோனோஸ்டாக் உருண்டைகள் இணையாகவும் சிறு சங்கிலியாகவும் இருக்கும். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அரிசி மாவுத் துகள் மட்டும்தான். மேலே தெளிந்த நீரை எடுத்திருக்க வேண்டும். தயிர் அதைவிடப் பணிவானது: தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சாயமிட்டால் கோலும் சங்கிலியும் ஒரே வட்டத்தில் கிடைக்கும்.

அப்படியென்றால் வடிவத்தைப் பார்த்து இன்ன கிருமி என்று சொல்லிவிடலாமே?

முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் ஒருவர் கைப்பேசிப் படத்தோடு வந்து “இது ஈ.கோலையா?” என்று கேட்பார். கோல் வடிவம் என்று சொல்லலாம்; அவ்வளவுதான். குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலையும் வயிற்றைக் கலக்கும் சால்மொனெல்லாவும் நுண்ணோக்கியில் இரட்டைப் பிள்ளைகள். நோய் கொடுக்காத மண் பாக்டீரியாக்கள் எத்தனையோ அதே அச்சில் இருக்கின்றன.

பிள்ளைகளிடம் நான் சொல்வது: புரொட்டிஸ்டைப் பார்த்தால் பெயர் சொல்லலாம், பாக்டீரியாவைப் பார்த்தால் வடிவத்தை மட்டும் சொல்லலாம். பாக்டீரியா எளிய உடம்பு. அதன் வேறுபாடெல்லாம் உள்ளே நடக்கும் வேதியியலில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வளர்த்துப் பார்க்க வேண்டும், எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று சோதிக்க வேண்டும், மரபுப்பொருளைப் படிக்க வேண்டும். 1977இல் கார்ல் வூஸ் என்ற ஆய்வாளர் ஆர்.என்.ஏவை ஒப்பிட்டபோது, பாக்டீரியா என்றே எல்லாரும் எண்ணியிருந்தவற்றில் ஒரு கூட்டம் முற்றிலும் வேறு கிளை, ஆர்க்கியா, என்று தெரிந்தது. பார்வைக்கு அவையும் கோலும் உருண்டையும்தான்.

கிராம் சாயம் என்கிறார்களே, அது என்ன கிராம்? எடையா?

எடை அல்ல, ஆள். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், டென்மார்க்காரர். பெர்லினில் வேலை செய்தபோது, நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைப் பிரித்துக் காண 1884இல் இந்த முறையை வெளியிட்டார். ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால் கழுவல், கடைசியில் இளஞ்சிவப்புச் சாயம் என்று இன்றைய வரிசை. சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவை விடாது. மெல்லிய சுவரும் அதன் மேல் இன்னொரு படலமும் உள்ளவை ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகும். வடிவத்தோடு இந்த நிறமும் சேர்ந்தால் “ஊதா, கொத்து, உருண்டை” என்று மூன்று சொல்லில் மருத்துவருக்கு நல்ல துப்பு. காசநோய்க் கோலுக்கு மட்டும் மெழுகு பூசிய சுவர். அதற்கு வேறு சாயம், சிவப்பாகத் தெரியும்.

எங்கள் பின்கட்டில் கிராம் சாயம் செய்வதில்லை. ஆல்கஹாலை எத்தனை விநாடி விடுவது என்பதில்தான் சூட்சுமம். நான் பணியில் இருந்தபோதே இரண்டில் ஒன்று பிசகும்.

என் பாக்டீரியா நடுங்கிக்கொண்டே இருக்கிறது. உயிரோடு இருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த நோட்டையே தொடங்கினேன்.

நீர்ச் சொட்டில் உள்ள எல்லாச் சிறு துகளும் நடுங்கும். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் வரும் நடுக்கம் அது. 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வந்த துகள்களில் பார்த்தார். உயிரில்லாத தூளிலும் அதே நடுக்கம் இருப்பதைச் சோதித்து உறுதி செய்தார். ஆகவே நடுங்குவது உயிருக்கு அடையாளம் அல்ல. செத்த பாக்டீரியாவும் நடுங்கும், அடுப்புக்கரித் தூளும் நடுங்கும். ஒருநாள் பிள்ளைகளுக்கு மையைக் கரைத்துக் காட்டினேன். “ஐயா, மைக்கு உயிர் வந்துவிட்டது” என்று ஒருவன் கத்தினான்.

அடுத்த ஏமாற்று, ஓட்டம். மூடு கண்ணாடியின் ஓரத்தில் நீர் காயும்போது சொட்டு முழுவதும் ஒரு பக்கமாக ஓடும். எல்லாத் துகளும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். ஊர்வலம் போவது உயிரின் வேலை அல்ல. ஓரங்களில் வாஸலின் தடவினால் ஓட்டம் நின்றுவிடும்.

மெய்யான நீச்சலில் பக்கத்துத் துகள்கள் சும்மா நடுங்கிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தன் வழியில் போகும். போகும் திசையை மாற்றும். இரண்டு ஒன்றையொன்று கடந்து எதிரெதிராகப் போகும். ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் என்பது நீண்ட காலம் என்பது எனக்கும் தெரியும்.

பாக்டீரியா எதைக் கொண்டு நீந்துகிறது? வால் தெரியவில்லையே?

தெரியாது. கசையிழையின் தடிமன் 0.02 மைக்ரோமீட்டர்; லென்ஸின் எல்லைக்குப் பத்தில் ஒரு பங்கு. இதிலிருந்து நல்ல விதி ஒன்று கிடைக்கிறது: சாயமில்லாத சொட்டில், சாதாரண நுண்ணோக்கியில், அடிக்கும் வால் கண்ணுக்குத் தெரிந்தால் அது பாக்டீரியா அல்ல, புரொட்டிஸ்ட்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டின் கசையிழையும் ஒரே பொருள் அல்ல. புரொட்டிஸ்டின் கசையிழை சாட்டைபோல் தானே வளைந்து அடிக்கும். உள்ளே ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவில் இரண்டும் உண்டு. பாக்டீரியாவின் இழை வளைவதில்லை, சுழல்கிறது. அடியில் ஒரு மோட்டார் இருந்து, படகின் விசிறிபோல் அதைச் சுழற்றுகிறது. 1973இல்தான் இது உறுதியானது. ஈ.கோலையின் இழைகள் இடஞ்சுழியாகச் சுழன்றால் கற்றையாகச் சேர்ந்து செல்லை நேரே தள்ளும். வலஞ்சுழியானால் கற்றை பிரிந்து செல் தலைகுப்புறப் புரண்டு, வேறு திசைக்குத் திரும்பும். நேர் ஓட்டம், ஒரு புரளல், மறுபடி ஓட்டம். அந்தத் தாளத்தைக் கண்டால் கசையிழைப் பாக்டீரியா என்று எழுதலாம். வேகம் விநாடிக்கு 20 முதல் 30 மைக்ரோமீட்டர். நம் வட்டத்தைக் கடக்க கால் நிமிடம் ஆகும். பாராமீசியம் அரை விநாடியில் கடந்துவிடும்.

சுருள் பாக்டீரியாக்களில் ஸ்பைரோகீட் வகைக்குக் கசையிழை வெளியே இல்லை, உறைக்கு உள்ளேயே சுற்றிக் கிடக்கிறது. அது சுழலும்போது உடம்பே திருகாணிபோல் திருகிக்கொண்டு போகும்.

கால்வாய்ச் சுவரில் கரும்பச்சை வழுக்கல் இருக்கிறதே, அதைக் கிள்ளி வையுங்கள். நாணயங்களை அடுக்கியதுபோல் செல்கள் அடுக்கிய பச்சை நூல்கள், நுனி மெல்ல இடமும் வலமும் ஆடும்; நூல் முழுவதும் ஓசையின்றி வழுக்கிப் போகும். பிள்ளைகள் புழு என்பார்கள், அம்மாக்கள் பாசி என்பார்கள். அது ஆசிலட்டோரியா, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. இப்படி வழுக்கிச் செல்வதற்கு வாலே வேண்டாம்.

புரொட்டிஸ்டை அசைவை வைத்து எப்படிப் பிரிப்பது?

ஊர்கிறதா, ஒரு வாலால் இழுபடுகிறதா, மயிர்போன்ற குற்றிழைகளால் வழுக்கி ஓடுகிறதா என்று மூன்று கேள்வி.

ஊர்வது அமீபா. 10 மடங்கு லென்ஸில் அழுக்குத் திட்டு என்று தள்ளிவிடுவோம். பொறுமையாகப் பார்த்தால் திட்டின் ஓரத்தில் ஒரு விரல் நீளும். உள்ளிருக்கும் துகள்கள் அந்த விரலுக்குள் ஓடும், பிறகு உடம்பே அங்கே ஓடிவிடும். அது பொய்க்கால்.

வாலால் போவதில் யூக்ளீனா முதன்மை. செம்பனை ஆலைக் கழிவுக்குட்டைபோல் சத்து மிகுந்த நீரில் பச்சையாய், சில இனங்கள் சிவப்பாய்ப் படர்ந்து கிடக்கும். 50 மைக்ரோமீட்டர் அளவு, பச்சைக் கதிர்போன்ற உடம்பு, முன்முனையில் செங்கண் ஒன்று. மற்றவை வாலால் பின்னிருந்து தள்ளப்படும் என்று நினைப்போம். யூக்ளீனாவுக்கு இழை முன்னால் இருந்து இழுக்கும். நீந்தாத நேரத்தில் உடம்பைப் பிதுக்கிப் பிதுக்கி நெளியும். அந்த நெளிவைப் பார்த்தாலே யூக்ளீனா வகையறா என்று சொல்லிவிடலாம்.

குற்றிழைக்காரர்களில் பாராமீசியம் எல்லாப் பாடநூலிலும் செருப்பு வடிவம். நுண்ணோக்கியில் முதலில் தெரிவது செருப்பு அல்ல, வேகம். தன்னைத்தானே சுற்றிக்கொண்டே நீந்தும். எதிலாவது மோதினால் பின்வாங்கும், கொஞ்சம் திரும்பும், மறுபடி முன்னே போகும். வழி கிடைக்கும்வரை அதே. குறுகிய சந்தில் லாரி திருப்பும் ஓட்டுநர் நினைவுக்கு வருவார். நிறுத்திப் பார்க்க ஒரு துளிப் பஞ்சை விரித்துச் சொட்டில் போடுங்கள். இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும். அப்போது இரு முனையிலும் நட்சத்திரம்போல் ஒரு குமிழ் விரிந்து, சட்டென்று மறையும். உள்ளே புகும் நீரை வெளியே இறைக்கும் பம்பு அது. ஒரு பெண்பிள்ளை நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கி, மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

எனக்குப் பிடித்தது வோர்ட்டிசெல்லா. மங்குத் தண்ணீரில் மக்கிய இலைத் துணுக்கு ஒன்றைத் தேடி வையுங்கள். அதில் மெல்லிய காம்பின்மேல் மணிபோல் ஒன்று நிற்கும். மணியின் வாயைச் சுற்றிக் குற்றிழைகள் அடித்து நீரில் சுழி உண்டாக்கும்; சுற்றியுள்ள பாக்டீரியாக்கள் சுழியில் விழுந்து வாய்க்குள் போவது தெரியும். மேசையை விரலால் தட்டுங்கள். காம்பு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் ஸ்பிரிங்காகச் சுருண்டு, மணி இலையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நிதானமாக, ஒன்றும் நடவாததுபோல், நிமிரும். இதைக் காட்டியபின் யாரும் “இது உயிரா?” என்று கேட்டதில்லை.

குற்றிழைகள் கற்றையாகச் சேர்ந்து கால்போலான யூப்ளோட்டஸ் தரையில் பூச்சிபோல் நடக்கும். ஊதுகொம்புபோன்ற ஸ்டென்டர் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் நீளும், வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். படகு வடிவில், பொன்பழுப்பு நிறத்தில், கண்ணாடிச் சுவரோடு ரயில்போல் முன்னும் பின்னும் வழுக்குபவை டயாட்டம் பாசிகள்.

நான் கண்டுபிடித்ததை நீங்கள் இல்லை என்கிறீர்கள். ஏன்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். தடித்த கருவிளிம்போடு கச்சிதமான வட்டம் என்றால் காற்றுக் குமிழி. அதை ஒரு வாரம் “வளையப் பிராணி” என்று நானே நம்பியிருக்கிறேன். நான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிது, யாரிடமும் சொல்லவில்லை. ஒளிரும் நீண்ட நாடா சட்டையின் பஞ்சிழை. கண்ணை அசைத்தால் கூடவே அசைவது உங்கள் கண்ணுக்குள் மிதப்பது.

தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் தெரிந்தால் அது ரோட்டிஃபர். பாராமீசியம் அளவுதான், ஆனால் பல செல் கொண்ட விலங்கு, உள்ளே மெல்லும் தாடைகூட உண்டு. அளவை மட்டும் நம்பினால் இங்கே விழுவோம்.

“எங்கள் காலத்தில் காய்ச்சல் என்றால் டிரசர் விரலில் குத்தி ரத்தம் எடுப்பாரே, அதில் என்ன ஓடியது?” (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி; டிரசர் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளர்)

ஒன்றும் ஓடவில்லை, பாட்டி. மலேரியாவின் பிளாஸ்மோடியமும் புரொட்டிஸ்ட்தான். ஆனால் ரத்தத்தில் அதற்குக் காலும் இல்லை, வாலும் இல்லை. ரத்தத்தைக் காயவைத்துச் சாயமிட்டு, சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம்போல் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுவார்கள். ஃபால்சிபாரம் இனம் முற்றினால் வாழைப்பழம்போல் வளைந்த ஒரு நிலை வரும். அதைக் கண்டால் சந்தேகமே இல்லை.

தோட்டங்களில் கால்வாய் வெட்டியதற்கு இந்தக் காய்ச்சலும் ஒரு காரணம். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி இனம் மட்டும் விடவில்லை. அது வடிவத்தால் நம்மை ஏய்க்கும் கில்லாடி: இளம் நிலையில் ஃபால்சிபாரம்போல் இருக்கும், முதிர்ந்தால் சாதுவான மலேரியே இனம்போல் இருக்கும். சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியே என்று நுண்ணோக்கியில் முடிவு செய்த பலருக்கு இருந்தது நோலெசி என்பது மரபுப்பொருள் சோதனையில் தெரிந்தது, 2004இல் வெளியானது. 24 மணிக்கு ஒருமுறை பெருகும் இனம் என்பதால் அந்தத் தவறு உயிரோடு விளையாடும்.

கித்தா மரத்தைத் தின்னும் கரையானுக்குள்ளும் இவை உண்டா?

உண்டு. உயிருள்ள மரத்தையே அரிக்கும் கோப்டோடெர்மஸ் கரையான் மரத்தைச் செரிப்பதே குடலில் உள்ள கசையிழைப் புரொட்டிஸ்டுகளின் தயவால். உப்பு கலந்த நீரில் குடலைப் பிதுக்கினால், ஆயிரக்கணக்கான இழைகள் போர்த்திய பேரிக்காய்கள் நெரிசலாகப் புரளும். காற்றுப் பட்டால் விரைவில் செத்துவிடும். சட்டென்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியக் கரையான் ஒன்றின் குடலில் மிக்சோட்ரிக்கா என்று ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் குற்றிழை என்று முதலில் எழுதினார்கள். 1964இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அவை குற்றிழையே அல்ல. மேலே ஒட்டிக்கொண்ட ஸ்பைரோகீட் பாக்டீரியாக்கள். அவை சேர்ந்து அசைந்து அந்தப் புரொட்டிஸ்டை நகர்த்துகின்றன. அதற்கென்று உள்ள நான்கு கசையிழை திசை திருப்ப மட்டும். ஆகவே “குற்றிழை தெரிகிறது” என்று எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கும்.

படம் எடுத்து அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?

படம் வேண்டாம், பத்து விநாடி வீடியோ எடுங்கள். நின்ற படத்தில் அசைவு செத்துப்போகிறது. எந்த லென்ஸ், எங்கே எடுத்த தண்ணீர், எடுத்து எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள்.

நான் சொல்லும் பெயர் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும். பாராமீசியம் என்பேன், எந்தப் பாராமீசியம் என்று கேட்காதீர்கள். ஆரெலியா என்று ஒரே இனமாக நெடுங்காலம் எண்ணியதை, 1975இல் சோன்போர்ன் என்ற ஆய்வாளர் 14 இனங்களாகப் பிரித்துப் பெயரிட்டார். கண்ணால் பார்த்து அவற்றைப் பிரிக்க வழியில்லை. எது எதோடு இணை சேரும் என்று வளர்த்துப் பார்த்தவர் அவர்.

பார்த்து முடித்த தண்ணீரை என்ன செய்வது?

எடுத்த இடத்திலேயே ஊற்றுங்கள். தட்டுக் கழுவும் தொட்டியில் வேண்டாம். பல் அழுக்கு, கரையான் குடல் தகடுகளைத் துணி வெளுக்கும் குளோரின் கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கை கழுவாமல் மேசைமேல் உள்ள வடைக்குக் கை நீட்டும் பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமை நுண்ணோக்கியில் கடைசி முறை.

மங்குத் தண்ணீர் மட்டும் எனக்கு வேண்டும். போத்தலோடு விட்டுவிட்டுப் போங்கள்.